ஒருவர் ஆக்குவது, பலர் நம்புவது

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் பல. நிரலைச் சோதித்தல், தொகுத்தல், பயனர்க்கு அனுப்புதல் என்பன அவை. இவற்றைக் கணினியே வரிசையாகச் செய்யுமாறு அமைப்பதைப் பணியோட்டம் என்கிறோம். 2018இல் அறிவிக்கப்பட்டு, 2019 நவம்பரில் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்ட கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இதற்கான ஒரு வசதி. ஒருவர் எழுதிய வேலைக்கூறு ஒன்றைப் பிறர் தம் பணியோட்டத்தில் ஒரே வரியால் சேர்த்துக்கொள்ளலாம். அக்கூறே 'ஆக்‌ஷன்' எனப்படும்.

அதனை ஆக்குவது அரிதன்று. எவரும் காணத்தக்க களஞ்சியம் ஒன்றைத் தொடங்கி, அதன் முதல் அடுக்கிலேயே 'ஆக்‌ஷன்.ஒய்எம்எல்' என்னும் கோப்பை வையுங்கள். பெயர், விளக்கம், பெறும் உள்ளீடுகள், தரும் வெளியீடுகள், இயங்கும் முறை ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இயங்கும் முறை மூவகைப்படும்: ஜாவாஸ்கிரிப்ட், டாக்கர் கொள்கலம், பல படிகளை ஒன்றாய்க் கோத்த கூட்டு வகை. புதியவர்க்குக் கூட்டு வகையே எளிது. பின்னர்ப் பதிப்பு எண்ணிட்டு, கிட்ஹப் சந்தையில் வெளியிடலாம். பெயர் பிறர் கொள்ளாததாகவும், கணக்கு ஈரடுக்குப் பாதுகாப்பு உடையதாகவும் இருத்தல் வேண்டும். விதிகள் நிறைவுற்றால் முன்னாய்வு இன்றி உடனே வெளிவரும். பட்டம் என்ன, பரிந்துரைப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

நிற்க. கேள்வியின்றித் திறக்கும் கதவு நம் பொறுப்பை மிகுவிக்கிறது. என் முதல் ஆக்‌ஷனில் உள்ளீடு ஒன்றின் பெயரை அழகு கருதி மாற்றினேன்; முதன்மைப் பதிப்பு எண்ணை உயர்த்தவில்லை. மறுநாளே, முன்பின் அறியாத ஒருவர் தம் பணி நின்றுவிட்டதென எழுதினார். பழைய உள்ளீடு ஒவ்வொன்றும் நாம் கொடுத்த வாக்கு என்பதை அன்று உணர்ந்தேன். வாக்கை மாற்ற நேரின், ஒன்றாம் பதிப்பை அப்படியே விட்டு இரண்டாம் பதிப்பைத் தொடங்க வேண்டும்.

இதனினும் பெரிது 2025 மார்ச்சில் நிகழ்ந்தது. மாற்றமுற்ற கோப்புகளைக் கண்டறியும் புகழ்பெற்ற ஆக்‌ஷன் ஒன்றினுள் தீயோர் புகுந்து, பதிப்புக் குறிகளைத் தம் நச்சு நிரலை நோக்கித் திருப்பினர். 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் அதனைப் பயன்படுத்தி வந்தன. அவற்றுள் சிலவற்றின் இரகசியச் சாவிகள் பணிப்பதிவேட்டில் வெளிப்பட்டன. பதிப்புக் குறியை இடம்மாற்றலாம். கமிட்டின் 40 எழுத்து அடையாளமோ ஒரே நிரலையே சுட்டும். ஆகவே பிறர் ஆக்‌ஷனை எடுக்கும்போது அவ்வடையாளத்தை முழுதும் எழுதுங்கள். நீங்கள் வெளியிடும்போது, தேவைக்கு மேல் ஓர் அனுமதியும் கேளாதீர்கள்.

இளைஞர்களே! இந்த ஆண்டிற்குள் சிறியதோர் ஆக்‌ஷனையேனும் ஆக்கி வெளியிடுங்கள். அதனை எடுத்துப் பயன்படுத்துவோர் உங்கள் முகத்தை அறியார். உங்கள் வேலையின் நேர்மையை அறிவர்.