ஒரே பந்தி, வேறு வேறு இலை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தபோது, "என்ன தலைப்பு?" என்று கேட்டேன். "சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்க சார், அதுதானே உங்க டிபார்ட்மென்ட்" என்றார் செயலாளர். உண்மைதான். நான் இங்கே படித்தது வேதியியல், 1974 முதல் 1977 வரை. ஆனால் என் வகுப்பில் யாரைக் கேட்டாலும் என்னை மெஸ் செகரட்டரி என்றுதான் சொல்வார்கள். வேதியியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். அப்போது எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாட்களால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டன், புதன்கிழமை முட்டை, இரண்டும் டோக்கன். டோக்கன் வாங்காதவனுக்கு ஒரு வாழைப்பழமும் கூடுதலாக ஒரு அப்பளமும். அந்த அப்பளத்துக்காகவே டோக்கன் வாங்காமல் இருந்தவர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

விடுதியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான். என் அறையில் வாணியம்பாடி ஒருவன், நாசரேத் ஒருவன். எதிர் அறையில் சௌகார்பேட்டை. அந்த வழக்கப்படியே இன்றைக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1976-ல் ரம்ஜான் நோன்பு ஆகஸ்டு கடைசியில் தொடங்கியது. விடுதியில் முஸ்லிம் மாணவர்கள் ஏழு பேர். அதற்கு முந்திய வருடங்களில் அவர்கள் முதல் நாள் ராத்திரியே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்கள். பகல் முழுக்கத் தண்ணீர் கூடக் குடிக்காமல் வகுப்புக்கு வருவார்கள். வாணியம்பாடி என் பக்கத்துக் கட்டில் என்பதால் அவன் வறண்ட ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவதை இருட்டில் நான் பார்த்திருக்கிறேன். மெஸ் செகரட்டரி ஆனதும் வார்டனிடம் போய்க் கேட்டேன். "ஏழு பேருக்காக மூணு மணிக்கு அடுப்பு மூட்ட முடியுமாப்பா? விறகு யார் கணக்கு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர், அவ்வளவுதான்.

சமையல்கட்டில் மாஸ்டரிடம் புலம்பினேன். அவர் வருஷா வருஷம் கார்த்திகையில் மாலை போடுகிறவர். அந்த மண்டலம் முழுக்கத் தனக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன அடுப்பில் சமைத்துக்கொள்வார். "விரதம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நாலரை மணிக்குள்ள அவங்க சாப்பிட்டு முடிக்கணும், அவ்வளவுதானே? நான் மூணு மணிக்கு வந்துர்றேன். வார்டன்கிட்ட நீ பேசிக்கோ" என்றார். அந்த மாதம் முழுக்க அவர் மாலைக்கான அந்தச் சின்ன அடுப்பில்தான் ஏழு பேருக்கும் சோறும் குழம்பும் சூடாக வந்தது. விறகுச் செலவு தலைக்கு எவ்வளவு கூடியது என்று மாத முடிவில் போட்டுப் பார்த்தேன். பலகையில் எழுதும் அளவுக்கு வரவில்லை.

இதை நான் பெருமையாகச் சொல்வேன், பல மேடையில் சொல்லியும் இருக்கிறேன். அடுத்ததை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை.

1998-ல் நம் சங்கக் கூடலுக்கு நாள் குறித்த குழுவில் நானும் இருந்தேன். பொங்கல் முடிந்த ஞாயிறு, ஜனவரி 18. வெளியூர்க்காரர்களுக்கு வசதி, மண்டபமும் காலி. ஆம்பூரிலிருந்து ஆள் வரவழைத்துப் பிரியாணி, சைவக்காரர்களுக்கு ஏழு வகைக் கூட்டு பொரியல். எல்லாம் நானே ஏற்பாடு. வாணியம்பாடி விடியற்காலையே பஸ் ஏறி வந்திருந்தான். பந்தி நேரத்தில் அவனைக் காணோம். தேடினால், தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு இலை இலையாக ஊற்றிக்கொண்டிருக்கிறான். "உட்காருடா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "வயிறு சரியில்லடா, நீ சாப்பிடு" என்றான். நாலைந்து பேர் சேர்ந்து, "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆகும், இவன் எப்பவுமே இப்படித்தான்" என்று கேலி செய்தோம். அவன் சிரித்துக்கொண்டே ஜக்கோடு நகர்ந்துவிட்டான்.

சாயங்காலம் நண்பர்களை வழியனுப்பப் பஸ் நிலையம் போனேன். ஆறே கால் மணி இருக்கும். ஒரு டீக்கடை ஓரமாக நின்று, காகிதத்தில் மடித்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டான். அப்புறம்தான் தண்ணீர். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. ரம்ஜான் மாதம்! குழுவில் பதினோரு பேர் உட்கார்ந்து நாள் குறித்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. "ஏண்டா சொல்லல?" என்றேன். "சொன்னா உனக்குச் சாப்பாடு இறங்காது. உன் பந்தியை எதுக்குக் கெடுக்கணும்?" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். ஆனால் அடுத்த எட்டு வருடம் அவன் கூடலுக்கு வரவில்லை. கடிதம் போட்டால் வேலை இருக்கிறது என்று பதில் வரும்.

இருபது வயதில் அடுப்பு மூட்ட வைத்தவனுக்கு நாற்பது வயதில் ஏன் மறந்தது? யோசித்துப் பார்த்தேன். 1976-ல் அவன் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். 1998 குழுவில் அவனைப் போல ஒருவர் கூட இல்லை. நான் நல்லவனாக இருந்ததும் மறந்துபோனதும் என் குணத்தால் அல்ல, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதால்தான். அதனால் இப்போதெல்லாம் நான் யாருடைய நல்ல மனசையும் நம்புவதில்லை, என் மனசையும் சேர்த்து. காலண்டரையும் படிவத்தையும்தான் நம்புகிறேன்.

படிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் பதிவுப் படிவத்தில் வெகுநாள் "சைவம் / அசைவம்" என்று இரண்டே கட்டம். அதை எடுத்துவிட்டு, "உணவில் தவிர்க்க வேண்டியது ஏதும் உண்டா?" என்று ஒரு வெற்று வரி போட்டோம். என்னவெல்லாம் வந்தது தெரியுமா? ஒருவர் மாலை போட்டிருந்தார். ஒருவருக்கு அன்று ஏகாதசி, அரிசி கூடாது. ஒருவர் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. ஒரு அம்மையார் தவக்காலத்தில் இறைச்சி தொடுவதில்லை என்று எழுதியிருந்தார், அந்த வருடம் மார்ச்சில் கூடினோம். ஒரு குறும்புக்காரர் "என் மனைவியின் சமையல்" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்த அம்மாவும் உடன் வந்திருந்தார்கள் என்பதால் படிவத்தைப் பத்திரமாக ஒளித்து வைத்தேன்.

சௌகார்பேட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஜைனர் என்றால் சைவம், அவ்வளவுதானே என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் வீட்டில் மண்ணுக்குள் விளைவது எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், முள்ளங்கி எல்லாம் விலக்கு. பொழுது சாய்ந்தபின் சாப்பாடும் கிடையாது. நாங்களோ இரவு விருந்தை எட்டரை மணிக்கு வைத்து, குருமாவிலிருந்து போண்டா வரை உருளைக்கிழங்கைக் கொட்டி, "உனக்குத்தான்டா ஸ்பெஷலா சைவம்" என்று பெருமை வேறு. அவன் பாவம், ஒரு தயிர்சாதம் கூட வாங்காமல் எல்லோரோடும் பேசிவிட்டுப் போவான். பிறகு சமையல்காரரைக் கூட்டி வைத்துப் பேசினோம். உருளைக்குப் பதில் வாழைக்காய். வெங்காயம் பூண்டுக்குப் பதில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக. இஞ்சிக்குப் பதில் சுக்கு. மாலை ஐந்தரைக்கே ஒரு பந்தி. ஜைனர் நாலே பேர்தான் என்று ஏற்பாடு செய்தால், அந்த ஐந்தரைப் பந்தியில் முப்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதி, ரயிலுக்குப் போகிறவர்கள் பாதி. வாழைக்காய்க் கறி தீர்ந்துபோய் சௌகார்பேட்டைக்கே இரண்டாம் தடவை கிடைக்கவில்லை!

சின்னச் சின்ன விஷயங்களில்தான் தவறு நடக்கும். பிரியாணிக் கரண்டியை எடுத்து நெய்ச்சோற்றில் போட்டுவிடுவார்கள். இப்போது கரண்டிப் பிடியில் பச்சை நூல், சிவப்பு நூல் சுற்றி வைக்கிறோம். ஆம்பூர்க்காரர் இருந்தவரை அவரே ஹலால் இறைச்சி கொண்டுவருவார், யாரும் கேட்கவே தேவையிருக்கவில்லை. காண்டிராக்ட் மாறிய வருடம் புது ஆளிடம் கேட்டால், "சிக்கன் தானே சார், அதுல என்ன?" என்கிறார். அதே ஆள் வைத்த பழ ஜெல்லியில் ஜெலட்டின். அது மாட்டின் எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ வருவது, சைவக்காரரும் தொடக்கூடாது, முஸ்லிமும் தொடக்கூடாது. நம் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது செய்கிற கடற்பாசி இருக்கிறதே, அதுவும் ஜெல்லிதான், கடல் பாசியிலிருந்து வருவது, எல்லோரும் சாப்பிடலாம். இப்போது அதைத்தான் வைக்கிறோம். பாக்கெட்டில் வாங்கும் பொருள் என்றால் பச்சைப் புள்ளி பார்த்து எடுக்கலாம். ஹலாலா என்பதைப் புள்ளி சொல்லாது, வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். போன பொதுக்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, வம்பே வேண்டாம், முழுச் சைவமாக வைத்துவிடலாம் என்பது. சொன்னவர் என் மரியாதைக்குரிய நண்பர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சைவம் வைத்தாலும் நோன்பாளிக்கு மதியம் மதியம்தான், ஜைனருக்கு உருளை உருளைதான். பிரச்சினை தீரவில்லை. மறுபக்கம், ஆட்டுக்கறி போட்டால்தான் விருந்து என்று வளர்ந்த வீட்டுப்பிள்ளைகள் நம்மில் பெரும்பாலோர். அவர்களுடைய சாப்பாடுதான் வம்பு என்று சொன்னதாக ஆகாதா? எனக்கு அது சரியாகப் படவில்லை.

இரண்டாவது யோசனை, சைவப் பந்தியைப் பக்கத்துச் சின்ன ஹாலில் தனியாக வைப்பது. இதைக் கேட்டதும் எனக்குச் சேரன்மாதேவி ஞாபகம் வந்தது. 1922-ல் வ.வே.சு. ஐயர் தாமிரபரணிக் கரையில் தொடங்கிய குருகுலம் அது. தேசபக்தியில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகச் சாப்பிட அனுமதித்ததை வைத்துக் கிளம்பிய புயலில், டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வியில், தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது. அங்கே பிரச்சினை இலையில் என்ன இருந்தது என்பதல்ல, பக்கத்தில் யார் உட்காரக்கூடாது என்பது. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவகம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று தாள் ஒட்டி, எதிர்ப்பு வந்து அகற்றினார்கள்.

அப்படியானால் கறி வாசனையே ஆகாதவர்கள் என்ன செய்வது? அவர்களும் இருக்கிறார்கள். என் அம்மாவே அப்படித்தான், பக்கத்து இலையில் மீன் இருந்தால் எழுந்துவிடுவார்கள். அவர்களை ஜன்னல் ஓரமாக, தங்களுக்கு வேண்டியவர்களோடு உட்கார வைக்கிறோம். இடம் அவர்கள் தேர்ந்தது, சங்கம் போட்ட போர்டு அல்ல. இந்த வித்தியாசம் மெல்லியது என்று எனக்குத் தெரியும். வாதாட விரும்புகிறவர்கள் பந்தி முடிந்ததும் வாருங்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு பேசலாம்.

மாணவர்களுக்கு ஒன்று. நீங்கள் படித்த பள்ளிகளிலேயே இது நடந்திருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் முட்டை வந்தது. பின்னால் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்றும் ஏற்பாடு ஆயிற்று. முட்டைக்காரப் பிள்ளையும் பழக்காரப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் தட்டோடு உட்கார்ந்தார்கள். லட்சக்கணக்கான தட்டுக்கு முடிந்தது, நம் நானூறு இலைக்கு முடியாதா?

கடைசியாக ஒரு கணக்கு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அதனால் ரம்ஜான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வரும். ஏறக்குறைய 33 வருடத்தில் ஒரு சுற்று. 1998-ல் நான் கோட்டைவிட்ட அதே ஜனவரிக்கு அது திரும்பி வருகிறது. 2030-ல் ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு ரம்ஜான்கள், ஜனவரி தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். நம் வழக்கப்படி மூன்றாம் ஞாயிறு கூடினால் 2029, 2030, 2031 மூன்று வருடமும் நோன்புக்குள் விழும். அந்த மூன்று வருடமும் நாளை மாற்றலாம், அல்லது கூடலை மாலைக்குத் தள்ளி, ஆறே காலுக்கு எல்லோருக்கும் நோன்புக் கஞ்சியோடு தொடங்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, கஞ்சிக்காக மட்டுமல்ல. அப்போது நான் குழுவில் இருப்பேனோ மாட்டேனோ. அதனால் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது வரிசையில் வாணியம்பாடி உட்கார்ந்து கடிகாரத்தைக் காட்டுகிறான். 2006-ல்தான் திரும்ப வந்தான், அதற்கப்புறம் ஒரு வருடமும் விட்டதில்லை. இன்று அவனுக்கு நோன்பு இல்லை, பசி இருக்கிறது. இலை போட்டாயிற்றாம்.