யானைக்கும் தடம் வேண்டும்

(கொல்லிமலை அடிவாரத்திலுள்ள பேளுக்குறிச்சியில், பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேளுக்குறிச்சியில் வந்து யானையைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கொல்லிமலையில் விளையும் மிளகு நம் சந்தைக்கு இறங்கி வருகிறது. யானை இறங்கி வருவதில்லை. இன்று இம்மலையில் காட்டு யானைக் கூட்டம் இல்லை. ஆனால் எக்காலத்தும் இப்படியே இருந்ததாகக் கொள்வதற்கில்லை. நாம் ஆடி மாதத்தில் விழா எடுத்துப் போற்றும் வல்வில் ஓரியின் வேட்டைத் திறத்தை, வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றையும் ஊடுருவிச் சென்றது என்பது அப்பாட்டின் செய்தி. புலவர் வில்லின் வன்மையை மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் வேட்டைக்காட்டில் முதலில் எதிர்ப்படும் விலங்காக யானையையே அவர் வைத்தார் என்பதை நாம் கருத வேண்டும்.

அக்காலக் கொல்லிமலை இக்காலத்தைப்போல் தனித்து நின்றிராது. இன்று நாற்புறமும் வயல்களும், சாலைகளும், நகரங்களும் சூழ, கடல் நடுவே தீவுபோல் இம்மலை நிற்கிறது. இங்கே ஒரு விலங்கினம் அற்றுப்போனால், அடுத்த காட்டிலிருந்து அது நடந்து வந்து குடியேற வழியில்லை. காடு இருந்தும் தடம் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு நம் மலையே சாட்சி.

தடத்தின் அருமையை விவசாயிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்குக் கிணறு ஓரிடத்திலும் காடு ஓரிடத்திலும் இருக்கிறது. நடுவிலே உள்ள வண்டித்தடத்தை இன்னொருவர் வேலியிட்டு அடைத்துவிட்டால், கிணறும் பயன்படாது, நிலமும் பயன்படாது. பத்து முழ அகலமுள்ள தடத்திற்காக எத்தனை பஞ்சாயத்துக்கள் கூடியிருக்கின்றன! யானையின் வழக்கும் இதுவேதான். அதற்காகப் பேச அதற்கு வாய் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீனியும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஓரிடத்திலேயே நின்றால் அந்தக் காடு சில நாளில் மொட்டையாகிவிடும். ஆகையால் மழையையும் புல்லையும் பின்பற்றி அது நடக்கிறது. ஒரு கூட்டம் ஓராண்டில் உலவும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். கூட்டத்தை நடத்திச் செல்பவள் வயது முதிர்ந்த பெண் யானை. எந்தக் கோடையில் எந்தப் பள்ளத்தில் நீர் நிற்கும் என்பது அவளுடைய நினைவில் இருக்கிறது. ஆண் கன்றுகள் பருவம் எய்தியதும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, தொலைவிலுள்ள வேறு கூட்டங்களை நாடிச் செல்கின்றன. இவ்வழி அடைபட்டால் இரத்தக் கலப்பு நின்று, இனம் நாளடைவில் நலிந்துவிடும். இந்த நடையைத்தான் நம் முன்னோர் வலசை என்றார்கள்.

வலசைத் தடம் எப்படிக் குறுகுகிறது என்பதற்கு நீலகிரி மாவட்டத்துச் சீகூர் பகுதியே தக்க எடுத்துக்காட்டு. அங்கே ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்தான சரிவு. மறு பக்கம் மாயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட சமவெளி வழியாகவே முதுமலைக் காட்டு யானைகள் சத்தியமங்கலம் பக்கம் செல்ல முடியும். மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் இந்தத் தடத்தில் விடுதிகளும் வேலிகளும் பெருகின. 2010இல் தமிழ்நாடு அரசாங்கம் இதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை ஐகோர்ட்டு அவ்வறிவிப்பை ஏற்றது. 2020 அக்டோபர் 14ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்து, நிலத்திற்கு உரியவர்களின் முறையீடுகளைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவையும் அமைக்கச் செய்தது. அறிவிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே பத்தாண்டுகள் ஓடிவிட்டன. ஒரு தடத்தைக் கட்டடம் எழுமுன் காப்பது எளிது; எழுந்தபின் மீட்பது எத்தனை கடினம் என்பதை இதனால் அறியலாம்.

சத்தியமங்கலத்திலிருந்து அந்தியூர் மலைகள், காவிரிக் கரைக் காடுகள், தளி, ஓசூர் வரையில் வனங்கள் தொடர்கின்றன. இத்தொடரைக் காப்பதற்காக 2014இல் காவிரி வடக்குச் சரணாலயமும், 2022இல் 686 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. ஈரோடு மாவட்டத்து அந்தியூர்க் காடுகள் தந்தை பெரியார் சரணாலயமாயின. இவை கர்நாடகத்துக் காடுகளோடும் ஒட்டிக் கிடக்கின்றன. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 3,063 யானைகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதிக்கு இத்தகைய தொடர்ச்சிதான் வாழ்வு.

ஆனால் சரணாலயத்தின் எல்லை வரைபடத்தில் இருக்கிறது. யானையின் காலடியில் இல்லை. எல்லையைத் தாண்டினால் நம்முடைய பட்டா நிலம். 2023 மார்ச்சு மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்கு அருகே, வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகக் கட்டிய மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் பிழைத்து, தாயின் அருகிலேயே நின்றன. இன்னொரு நிகழ்ச்சி: ஜவ்வாது மலைப் பக்கம் தொடர்ச்சியான காடு இன்றிப் பல ஆண்டுகள் வயல்களிலே திரிந்த ஆறு யானைகளை, 2013இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் வன இலாகாவினர் பிடித்து முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். விவசாயிகளுக்கு நிம்மதி பிறந்தது. யானைகளுக்குக் காட்டு வாழ்வு முடிந்தது. தடம் தப்பிய யானைக்கு மின்கம்பி அல்லது சங்கிலி என்ற இரண்டே முடிவுகள் இருத்தல் ஆகாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, விவசாயியின் துயரத்தை நாம் மறைக்க மாட்டோம். ஓராண்டு உழைப்பை ஒரே இரவில் யானைக் கூட்டம் தின்றும் மிதித்தும் அழித்துவிடும். உயிர்ச்சேதமும் நேருகிறது. வட்டிக்குக் கடன் வாங்கிப் பயிரிட்டவனிடம் கருணையைப் பற்றி மட்டும் பேசுவது முறையன்று. 2024இல் மாநிலத்தில் 42 யானை வழித்தடங்களைக் குறித்த வரைவறிக்கை வெளியானபோது, கூடலூர் வட்டாரத்து மக்கள் தங்கள் வீடும் நிலமும் என்னவாகுமோ என்று அஞ்சி எதிர்த்தார்கள். அந்த அச்சம் நியாயமானது. தடத்தைக் காக்கும் செலவை நாடு முழுவதும் ஏற்க வேண்டும். தடத்தில் குடியிருக்கும் ஏழையின் தலையில் மட்டும் அதைச் சுமத்தலாகாது. ஊர் மக்களைக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே விளக்கி, எல்லையை வகுத்தால்தான் எந்தத் திட்டமும் நிலைக்கும். அப்படிக் கேட்கப்பட வேண்டிய இடம் கிராம சபையே.

சரி, யானை இல்லாத நம் ஊர் செய்யத்தக்கது என்ன? யானைக்குச் சொன்னது மற்ற உயிர்களுக்கும், மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கும் பொருந்தும். எஞ்சியுள்ள தடங்களை நாம் காக்க வேண்டும். அதற்கு நான்கு காரியங்களைச் சொல்லுவோம்.

முதலாவது, மலையிலிருந்து வரும் ஓடைகளின் புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பின்றி வைத்தல். நீர் இறங்கும் வழியே விலங்கு நடக்கும் வழியும் ஆகும். ஓரமாக நம் நாட்டு மரங்களை நட்டால் மண்ணும் அரிக்காது.

இரண்டாவது, காட்டுப்பன்றிக்காக வேலியில் நேர் மின்சாரம் பாய்ச்சும் வழக்கத்தை அறவே ஒழித்தல். அது பன்றியை மட்டுமா கொல்லும்? இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் பிள்ளையையும் கொல்லும். சூரிய சக்தி வேலி விட்டு விட்டு அதிர்ச்சி தந்து விரட்டுமேயன்றிக் கொல்லாது. அதையும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொண்டே அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, மலையோரத்தில் மனைப்பிரிவோ விடுதியோ எழ அனுமதி கேட்கப்படும்போது, அந்த இடத்தில் ஓடையும் காட்டுத் தடமும் உண்டா என்று பஞ்சாயத்து நேரில் சென்று பார்த்தல். சீகூர் கற்பித்த பாடம் இதுவே.

நான்காவது, 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சிதோறும் அமைய வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவைப் பெயரளவில் விடாமல் இயங்கச் செய்தல். எந்த விலங்கு எந்த வழியாக, எந்த மாதத்தில் வருகிறது என்பது ஆடு மேய்ப்பவருக்கும் மலைவாழ் மக்களுக்கும் தெரியும். அவர்களை உட்காரவைத்துக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். பயிர்ச்சேதம் நேர்ந்தால் அதையும் நாள் தவறாமல் குறித்து, உடனே வன இலாகாவுக்கு மனு அனுப்புங்கள். எழுத்தில் உள்ள கணக்குக்குத்தான் இழப்பீடு கேட்க வலிமை உண்டு.

ஓரி காலத்து யானை மீண்டும் கொல்லிமலைக்கு வரும் என்று நாம் ஆசை காட்டவில்லை. போன தடம் போனதுதான். ஆனால் இருக்கின்ற ஓடையும், ஓரக்காடும் நம் பொறுப்பில் இருக்கின்றன. அடுத்த கிராம சபையில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுவீர்களாயின், இன்று கூடியதன் பயன் நமக்குக் கிட்டியதாகும்.