படத்தில் இருப்பவர் யார்?



ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 அளவில் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்ட பேரலைப் படத்தை நாம் எல்லோரும் கண்டிருப்போம். அலையைத்தான் கண்டிருப்போம். அதன் கீழே மூன்று படகுகளில் குனிந்திருக்கும் தொழிலாளரைக் கவனித்தவர் குறைவு. அதே பூஜி மலை வரிசையில் ஒரு தேயிலைத் தோட்டமும் உண்டு. அங்கே பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். நம் ஊர் மலையைப் பார்ப்பது போலவே இருக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் பெயரை உலகம் அறியும். அவர் படமெடுத்த நம் மக்களின் பெயர் பெரும்பாலும் தெரியாது.

கிளினிக்குக்கு வரும் அம்மாமாரிடம், தோள்வலி எத்தனை நாளாக என்று கேட்டால், "பேர் பதிஞ்ச நாள்ல இருந்து" என்பார்கள். பதிந்த அந்தப் பெயர் செக்ரோலோடு நின்றுவிடுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் வீட்டில் அம்மாவோ அம்மாயியோ கூடையோடு நிற்கும் படம் இருந்தால், அதன் பின்புறம் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இன்றே எழுதிவைப்போம். நமது வெள்ளைச் சீருடையைக் கறையில்லாமல் துவைத்து அனுப்பியவை, கொழுந்துக் கறை படிந்த அந்தக் கைகள்தான்.