அயல்வீட்டு விளக்கு

அயல்வீட்டு விளக்கின் ஒளியிலே அமர்ந்து படிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வெளிச்சம் உள்ளவரை அவனுக்குக் குறையொன்றுமில்லை. அயலார் விளக்கை அணைத்துவிட்டால் அவனுடைய படிப்பு அத்துடன் நின்றுவிடும். ஸ்விஃப்ட் என்னும் கணினி மொழியிலே நிரல் எழுதுவோர் பலர் இம்மாணவனைப் போன்றவர்களே.

2014ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட இம்மொழியிலே எண், எழுத்துச் சரம், வரிசை முதலியன கேளாமலே கிடைக்கும். ஓர் எண்ணின் வர்க்கமூலத்தைக் காண்பதற்குங்கூட வேறெதனையும் நாட வேண்டுவதில்லை. ஆயின், திகதி, இணைய முகவரி, கோப்புகளைக் கையாளுதல் ஆகியவை 'பவுண்டேசன்' என்னும் பொது நூலகத்திற்கு உரியவை. அவை வேண்டுமாயின், கோப்பின் தலைப்பிலே 'இம்போர்ட் பவுண்டேசன்' என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும்.

இங்கேதான் இரவல் வெளிச்சம் புகுகின்றது. பெயர்களின் இருபுறமுமுள்ள வெற்றிடங்களை நீக்கும் கோப்பு ஒன்றை நான் எழுதியிருந்தேன். அந்த நீக்கும் தொழில் பவுண்டேசனுக்கு உரியது. என் கோப்பிலோ அவ்வரி இல்லை. எனினும் அது பழுதின்றி இயங்கியது. காரணம், அதே திட்டத்தின் வேறொரு கோப்பிலே அவ்வரி இருந்தமையே. பின்னொரு நாள் என் கோப்பை மட்டும் வேறொரு திட்டத்திற்குக் கொண்டு சென்றபோது, அத்தொழிலை அறியேன் என்று கணினி மறுத்துவிட்டது.

ஐபோன் திரைகளுக்குரிய 'யூஐகிட்' நூலகமும் பவுண்டேசனைத் தன்னுடன் அழைத்து வரும். லினக்ஸ் கணினியிலோ யூஐகிட் இல்லை. அதனை நம்பிய திகதிக் கணக்கும் அங்கே நின்றுவிடும். 2025ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்விஃப்ட் 6.1, இத்தகைய இரவலைத் தடுக்கும் விதியொன்றை விரும்புவோர் கைக்கொள்ள இடமளித்தது.

அவ்வாறாயின் எல்லாக் கோப்புகளிலும் அவ்வரியை எழுதிவிடலாமே என்பீர்கள். வெறுங் கூட்டல் கழித்தல் செய்யும் கோப்பிலே அவ்வரி இருப்பின், படிப்பவர் இல்லாத தேவையொன்றைத் தேடி மயங்குவார்.

ஆகவே, ஒவ்வொரு கோப்பையும் தனியே எடுத்து வினவுங்கள்: 'நீ பவுண்டேசனின் பொருள் எதனையேனும் பயன்படுத்துகின்றாயா?' ஆம் எனின், அயற்கோப்பிலே அவ்வரி இருப்பினும் இங்கும் எழுதுங்கள். இல்லை எனின் நீக்கிவிடுங்கள். தனக்கு வேண்டிய விளக்கைத் தானே ஏற்றிய கோப்பு எங்கு சென்றாலும் இருளடையாது.