பவளத்தின் மேல் ஒரு சாலை



அமெரிக்காவில் மயாமி நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போலக் கார் ஓட்டினால் பெருநிலம் முடிந்துவிடுகிறது. சாலை மட்டும் முடிவதில்லை. ஃபுளோரிடா மாநிலத்தின் அடிமுனையிலிருந்து தென்மேற்காக வளைந்து கிடக்கும் கீஸ் தீவுகளின் மேல், தீவுக்குத் தீவு பாலம் போட்டு, 113 மைல் தூரம் அது கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. சாலையோரத்தில் மைலுக்கு ஒரு சின்னப் பச்சைப் பலகை. அங்கே இடம் விசாரித்தால் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "எண்பத்தைந்தாவது மைல், விரிகுடாப் பக்கம்" என்பார்கள். ஒரு கை அட்லாண்டிக் கடல், மறு கை விரிகுடா. இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் சாலையைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இந்தச் சாலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசித் தீவான கீ வெஸ்டை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் பறப்பார்கள். அங்கே போய் நெரிசலில் நின்று சூரியன் மறைவதைப் படம்பிடித்துத் திரும்புவார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வழியில் இருக்கும் மாநிலப் பூங்காக்களில் மூன்றைப் பார்ப்பவர்கள்தான் கீஸைப் பார்த்தவர்கள் என்பது என் கட்சி. அதிலும் ஒரு வரிசை உண்டு. கடலில் இறங்குவதற்கு முன்னால் ஒரு கல் குவாரிக்குப் போக வேண்டும்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 85ஆம் மைலுக்கு அருகே, விண்ட்லி கீ என்ற தீவில் இருக்கிறது அந்தக் குவாரி. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மரக்கூட்டம், ஒரு சிறிய பலகை, அவ்வளவுதான். உள்ளே நடந்தால் தரை திடீரென்று கீழே இறங்கி, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தான வெள்ளைச் சுவர்கள் எழும்புகின்றன. எட்டடி உயரம் இருக்கும். இயந்திரம் கல்லை அறுத்த கோடுகள் மேலிருந்து கீழாக இன்னும் அப்படியே தெரிகின்றன. கிட்டே போய் முகத்தைச் சுவரருகே வைத்துப் பாருங்கள். அது வெறும் கல் அல்ல. ஒரு பலாப்பழத்தை நெடுக அறுத்து வைத்தால், நடுத்தண்டிலிருந்து நாலாபுறமும் சுளைகள் விரிந்து போகுமே, அதே மாதிரி மெல்லிய கோடுகள் ஒரு புள்ளியில் புறப்பட்டு விசிறியாக விரிகின்றன. அது ஒரு பவளக் கூட்டம். பக்கத்திலேயே இன்னொன்று, மேடும் பள்ளமுமாக நெளிகிறது: மூளைப் பவளம். இரண்டுக்கும் இடையில் சிப்பிகளும் மணலும் இறுகிப்போய்ச் சாந்து பூசியது போலக் கிடக்கின்றன. விரலால் தொடலாம். கடலில் தொடக் கூடாத ஒன்றைத் தொட்டுப் பார்க்க இங்கே மட்டும்தான் அனுமதி.

சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட இருபதடி போல உயர்ந்திருந்தது. அப்போது இங்கே வளர்ந்த பவளப்பாறை இது. பிறகு பனியுகம் வந்தது. நீரெல்லாம் வடக்கே பனியாக உறைந்ததில் கடல் முந்நூறு அடிக்கு மேல் இறங்கிப்போனது. பவளம் வெயிலில் நின்று செத்துக் கல்லானது. கீ லார்கோவில் தொடங்கும் மேல்வரிசைத் தீவுகள் எல்லாமே இப்படிச் செத்த பவளத்தின் முதுகுகள்தான். பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், நீங்கள் தங்கப்போகும் விடுதி, எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

குவாரி எப்படி வந்தது என்றால், ரயிலால் வந்தது. ஹென்றி ஃபிளாக்லர் என்ற கோடீஸ்வரர், ராக்ஃபெல்லரோடு சேர்ந்து ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை உருவாக்கியவர், வயதான காலத்தில் கீ வெஸ்ட் வரை கடல்மேல் ரயில் விடுவேன் என்று கிளம்பினார். ஊரார் சிரித்தார்கள். 1912ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் ரயிலிலேயே ஏறிக் கீ வெஸ்டில் போய் இறங்கினார். மறு வருடம் காலமானார். அந்த ரயில் பாதையின் கரைகளுக்கு இங்கே வெட்டிய கல் போயிருக்கிறது. பின்னால், பவளப் பூ தெரியும்படி மெருகேற்றிய பலகைகளாகக் கட்டிடங்களின் முகப்புக்கும் போனது. 1960கள் வரை கல் வெட்டினார்கள். பிறகு அடுக்குமாடி வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தபோது உள்ளூர்க்காரர்கள் எதிர்த்து நிற்க, 1985இல் மாநில அரசு நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கியது.

குவாரியைச் சுற்றி நடைபாதைகள் உண்டு. மலையேற்றம் என்று நினைத்து வராதீர்கள். இந்தத் தீவுக்கூட்டத்திலேயே மிக உயர்ந்த மேடு சுமார் 18 அடிதான். ஆனால் அந்தக் கல்லின் மேல் மண்ணே இல்லாமல் ஒரு காடு நிற்பது ஆச்சரியம். கம்போ-லிம்போ என்று ஒரு மரம். செம்புநிறப் பட்டை தாள் தாளாக உரிந்து தொங்கும். வெயிலில் சிவந்து தோலுரிந்த வெள்ளைக்காரப் பயணிகளை நினைத்து, உள்ளூரில் இதை டூரிஸ்ட் மரம் என்று கேலி செய்வார்கள். பாய்சன்வுட் என்ற இன்னொரு மரத்தையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பட்டையில் தார் தெளித்தது போலக் கறுப்புத் திட்டுகள் இருக்கும். அதன் பால் பட்டால் உடம்பு கொப்புளித்துவிடும். பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அது உங்களைத் தேடி வரும்.

இப்போது கடலுக்குப் போவோம்.

கொஞ்சம் பின்னால் திரும்ப வேண்டும். 102ஆம் மைல் தாண்டி, கீ லார்கோ தீவில் ஜான் பென்னிகாம்ப் பவளப்பாறை மாநிலப் பூங்கா. அமெரிக்காவின் முதல் கடலடிப் பூங்கா இதுதான். 1950களில் சாலையோரக் கடைகளில் பவளத்தையும் சங்கையும் குவித்து விற்றார்கள். சுத்தியலும் உளியும் கொண்டு உடைத்தார்கள். வெடி வைத்தும் பெயர்த்தார்கள். மயாமி பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியலாளர் கில்பர்ட் வோஸ் 1957இல் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிக் கொதித்துப் பேசினார். மயாமி ஹெரால்டு பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவரான ஜான் பென்னிகாம்ப் அதைக் கையிலெடுத்து எழுதினார். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா உருவாவதற்கும் பாடுபட்டவர் அவர். 1960இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரையே வைத்தார்கள். கடலுக்கு ஒரு பத்திரிகைக்காரர் பெயர். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

காரோடு நுழைய எட்டு டாலர் போல ஆகும். காலை எட்டு மணிக்குத் திறந்து பொழுது சாயும்போது மூடுவார்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: கரையில் இறங்கி நீந்தினால் பவளம் தெரியாது. கேனன் பீச் என்ற சிறு கடற்கரையில், நூறடி தள்ளி ஒரு பழைய ஸ்பானியக் கப்பலின் பீரங்கிகளையும் நங்கூரத்தையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அது குழந்தைகளுக்கு. ஸ்நார்க்கெல் குழாயை வாயில் கடித்து மூச்சுவிடப் பழக நல்ல இடம். பெரியவர்களும் முதலில் இங்கே பழகிக்கொள்வது உத்தமம். மாஸ்க்கின் கண்ணாடி உட்புறம் ஆவி படியாமலிருக்க அதில் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள். அருவருப்புப் பட வேண்டாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலுதட்டில் மாஸ்க் சரியாக ஒட்டாமல் தண்ணீர் கசியும். கொஞ்சம் வேசலின் தடவுங்கள்.

உண்மையான பவளத்துக்குப் படகில் போக வேண்டும். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வேரூன்றி நிற்கும் ஓடை வழியே மெதுவாக ஊர்ந்து, ஓடையின் முகத்துக்கு வந்ததும் படகு வேகமெடுக்கும். அரை மணிக்கு மேல் ஓடிய பிறகு, சுற்றிலும் கரை தெரியாத இடத்தில் நிறுத்துவார்கள். தண்ணீர் கருநீலத்திலிருந்து பச்சைக்கு மாறியிருக்கும். அடியில் பாறை இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

நல்ல பாறைகள் கீ லார்கோவுக்கு எதிரே இருப்பது தற்செயல் அல்ல. கோடையில் கொதித்து, குளிர்காலத்தில் சில்லிட்டுப்போகும் ஆழமில்லாத விரிகுடா நீர் பவளத்துக்கு ஆகாது. நடுத் தீவுகளில் இடைவெளி அதிகம். அந்த நீர் அவற்றின் வழியே கடலுக்குள் கொட்டுகிறது. நீளமான கீ லார்கோ தீவு அதை மறித்து நிற்கிறது. செத்த பவளம் உயிருள்ள பவளத்துக்குக் காவல்.

தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்த மறுநொடி கண்ணுக்கு முன் காது விழித்துக்கொள்கிறது. கடலடி நிசப்தமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அங்கே ஓயாத சடசடப்பு. விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. ஆயிரக்கணக்கில் பாறை இடுக்குகளில் உட்கார்ந்து சொடுக்கிக்கொண்டே இருக்கின்றன. அதன் நடுவே இன்னொரு சத்தம்: கறுக், கறுக். திரும்பிப் பார்த்தால் நீலமும் பச்சையுமாக ஒரு கிளிமீன், அலகு போன்ற பற்களால் பாறையைக் கடித்துக்கொண்டிருக்கும். பாறையில் படிந்த பாசிதான் அதற்கு வேண்டும். கல்லும் சேர்ந்தே வாய்க்குள் போகிறது. கடித்துவிட்டு நாலு முழம் நீந்தியதும் வாலடியிலிருந்து ஒரு வெள்ளைப் புகை. தின்ற கல் மணலாக வெளியே வருகிறது. இந்தப் பக்கத்துக் கடல்களில் நீங்கள் மிதிக்கும் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்; அந்த விடுமுறையில் அவர்கள் மறக்காத விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊதா நிறக் கடல் விசிறிகள் அலைக்கு இப்படியும் அப்படியும் சாயும். மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட குட்டி மீன்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்து உற்றுப் பார்க்கும். சீலா மீன் ஒன்று அசையாமல் தொங்கிக்கொண்டு பற்களைக் காட்டும். பயப்பட வேண்டாம், மினுமினுக்கும் நகையை மட்டும் கரையில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

ஆனால் சுவரொட்டிகளில் உள்ள படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு குதிக்காதீர்கள். ஒரு காலத்தில் இந்தப் பாறைகளை மூடியிருந்த மான்கொம்புப் பவளங்கள் இன்று அநேகமாக இல்லை. நோய், சூடு, இன்னும் பல காரணங்கள். 2023 கோடையில் கடல் வெந்நீரானது. அந்த ஜூலையில் கீ லார்கோவை ஒட்டிய மானட்டி விரிகுடாவில் ஒரு கருவி 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியது. கடலடி நர்சரிகளில் பிளாஸ்டிக் குழாய்க் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு வளர்த்த பவள நாற்றுகளை ஆய்வாளர்கள் அவசர அவசரமாகப் பறித்து, கரையிலிருக்கும் தொட்டிகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே பாறையில் பெரிய பரப்புகள் சாம்பல் நிறமாக, பாசி மூடிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். குவாரியைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வடிவங்கள் உடனே பிடிபடும். இது நட்சத்திரப் பவளம், இது மூளைப் பவளம், இதில் இந்தப் பாதி மட்டும் உயிரோடிருக்கிறது என்று நீங்களே பிரித்துச் சொல்வீர்கள். நேரே கடலுக்கு வந்தவர்களுக்கு அது வெறும் பாறை, மீனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் வரிசை சொன்னது இதனால்தான்.

கை தூக்கி நிற்கும் வெண்கல இயேசு சிலை ஒன்றும் இங்கே சுமார் 25 அடி ஆழத்தில் இருக்கிறது. இத்தாலியில் கடலடியில் நிற்கும் சிலையின் அதே அச்சில் வார்த்தது, 1965இல் இறக்கினார்கள். புகழ்பெற்றது, ஆகவே கூட்டமும் அதிகம். படகு அங்கே போனால் பாருங்கள். அதற்காகவே நாளை ஒதுக்க வேண்டாம்.

நீச்சல் தெரியாத பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு அடிப்பக்கம் கண்ணாடி வைத்த படகு இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். காற்றுள்ள நாளில் குனிந்து பார்த்துக்கொண்டே ஆடினால் தலைசுற்றும். எலுமிச்சம்பழம் போதாது, மாத்திரையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாவது இடம் பாஹியா ஹோண்டா, 37ஆம் மைல். அலையைப் பாறைகள் தடுத்துவிடுவதால் கீஸில் மணற்கரை அபூர்வம். இங்கே மட்டும் நீளமான வெள்ளைக் கரைகள் உண்டு. கடற்புல் ஒதுங்கி அழுகும் காலத்தில் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூங்காவின் முனையில் ஃபிளாக்லரின் பழைய இரும்புப் பாலம் பாதியில் அறுந்து நிற்கிறது. 1935 செப்டம்பரில் வந்த புயலில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில் பாதை மைல் கணக்கில் அடித்துக்கொண்டு போயிற்று. கம்பெனி கைவிட்டது, மாநிலம் வாங்கியது, ரயில் பாதையைக் கார்ச் சாலையாக மாற்றியது. இந்தப் பாலத்தில் மட்டும் ஒரு சிக்கல்: ரயில் ஓடிய இரும்புக் கூண்டுக்குள் இரண்டு கார்கள் எதிரெதிரே போக இடமில்லை. ஆகவே கூண்டின் மண்டைமேல் சாலை போட்டார்கள்! 1972 வரை மக்கள் அந்த உச்சியில்தான் கார் ஓட்டினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நமக்கு வயிறு கலங்குகிறது.

இந்தப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கலாம், ஆனால் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே பதிவாகிவிடும். இங்கிருந்து லூ கீ என்ற பாறைக்குப் படகு போகிறது. 1744இல் அங்கே மோதி உடைந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர்தான் பாறைக்கு.

எப்போது போவது என்று கேட்பீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில் இதம், கொசு குறைவு; ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்று வந்தால் இரண்டு மூன்று நாள் கடல் கலங்கிப் படகுகள் நின்றுவிடும். மே, ஜூனில் கடல் தட்டையாக இருக்கும், பிற்பகலில் இடி மழை. ஆகஸ்ட், செப்டம்பர் புயல் காலம். நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த மாதமானாலும் காலைப் படகையே பிடியுங்கள். கிளம்பும் முன் பூங்காவுக்கு ஒரு போன் போட்டு, கடல் எப்படி இருக்கிறது, தண்ணீருக்கடியில் எத்தனை அடி தூரம் தெரிகிறது என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.