கையடக்கத் தொலைபேசி வணிகமும் எங்கள் பெண்பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் மண்டைதீவைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கையடக்கத் தொலைபேசி வழியான வணிகத் தொழினுட்பத்தையும் கம்பியில்லாத் தொடர்பில் இயங்கும் செயலிகளை உருவாக்குவதையும் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டார்கள். தலைப்பு நீளமானது. எங்கள் தீவுப் பக்கத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வியோ குறுகியது: “உதைப் படிச்சு என்ன செய்யிறது?” அந்தக் கேள்விக்கே இன்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இது கைத்தொலைபேசி திருத்தும் படிப்பு அல்ல. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையே பொருள், பணம், நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒரு சிறிய கருவியின் ஊடாக எப்படிப் பாதுகாப்பாகக் கைமாறுகின்றன என்பதைப் படிக்கும் படிப்பு. வலையமைப்பு, தரவுத்தளம், செய்நிரலாக்கம், தகவற் பாதுகாப்பு ஆகியவற்றோடு கணக்கியலும் சட்டமும் இதில் வரும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்துறையில் வேலை செய்வோர் அறிந்திருக்க வேண்டியவை.

இத்துறையின் வரலாறு மாணவிகளுக்கு ஒரு பாடம். 1997 இல் எரிக்சன், மோட்டரோலா, நொக்கியா முதலிய நிறுவனங்கள் சேர்ந்து ‘வப்’ என்ற பொது நெறிமுறைக்கான அமைப்பைத் தொடங்கின. 1999 இல் யப்பானில் டொகோமோ நிறுவனம் ‘ஐ-மோட்’ சேவையை ஆரம்பித்தது. ‘வப்’ பக்கங்களை எழுதுவதும் சிறிய தொலைபேசிகளுக்கான ஜாவா நிரல்களை எழுதுவதும் அந்நாளில் பெரிய வித்தை. 2007 இல் ஐபோனும் 2008 இல் முதலாவது ஆண்ட்ரொய்ட் தொலைபேசியும் வந்தபின் அந்த வித்தைகள் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தன. ஒரு கருவியை மட்டும் மனனம் செய்தவர்கள் திகைத்து நின்றார்கள். சிறிய திரையில் எதைக் காட்டுவது, அறுந்து அறுந்து வரும் இணைப்பில் எப்படி வேலை செய்வது, முகம் தெரியாதவரை எப்படி நம்புவது என்ற அடிப்படைகளைக் கற்றவர்களுக்கு அந்த மாற்றம் தடையாக இருக்கவில்லை. தங்கைகளே, பாடத்திட்டத்தில் இன்று இருக்கும் மென்பொருளும் நாளை போய்விடும். அடிப்படைகள் போகா.

அந்த அடிப்படைகளை விளங்கிக்கொள்ள எங்கள் தீவுகளைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. மண்டைதீவு பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாண நகரோடு இணைந்திருக்கிறது. நயினாதீவுக்குப் போக இன்றும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். நெடுந்தீவு அதற்கும் அப்பால். சைகை கோபுரத்துக்குப் போய்வர எடுக்கும் நேரத்தை ஈடுசெய்வதற்கு ஜி.எஸ்.எம். முறையில் ஓர் எல்லை உண்டு. ஆகவே அதன் வழக்கமான அமைப்பில், கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள படகுக்குச் சைகை எட்டினாலும் இணைப்பு ஏற்படாது. நகரத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து எழுதிய செயலி இப்படியான இடங்களில்தான் தடுமாறும்.

இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? தாம்போதி இல்லாத காலத்தை எண்ணிப் பாருங்கள். மண்டைதீவிலிருந்து ஒருவர் பட்டணத்துக் கடைக்குத் தோணிக்காரரிடம் கடிதமும் காசும் கொடுத்தனுப்புகிறார். பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேரவில்லையா, அல்லது சேர்ந்து, பதில்தான் வழியில் தவறியதா? கரையில் நிற்பவரால் சொல்ல முடியாது. மறுபடியும் காசு அனுப்பினால் இரட்டைச் செலவு. அனுப்பாவிட்டால் சாமான் வராமலே போகலாம். கணினி அறிவியலில் இது பெயர்பெற்ற சிக்கல். எத்தனை உறுதிக் கடிதம் பரிமாறினாலும் கடைசிக் கடிதம் சேர்ந்ததா என்ற ஐயம் தீராது என்று நிறுவியிருக்கிறார்கள்.

ஆனால் நடைமுறைக்கு வழி உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனி இலக்கம் இடுவது. அதே இலக்கத்துடன் கட்டளை இரண்டாம் முறை வந்தால், வழங்கி மறுபடி பணம் கழிக்காமல் முதல் தடவை கொடுத்த பதிலையே திருப்பி அனுப்பும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? இதைச் சரிவரச் செய்யாத ஒரு செயலியில் எனது பெரியம்மா ஒரே கட்டணத்தை இருமுறை கட்டினார். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. காசு போகவில்லையாக்கும் என்று மறுபடி அழுத்தினார். அந்தப் பணத்தைத் திரும்பப் பெற அவர் மூன்று தரம் பட்டணத்துக்குப் பஸ் ஏறினார். நிரல் எழுதியவருக்கு அது ஒரு சிறு வழு. பெரியம்மாவுக்கு அது மூன்று நாட்கள்.

இங்கே மொழி முன்னுக்கு வருகிறது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழில் ஒருங்குறியில் எழுதினால் 70 இடங்கள் மட்டுமே. அதிலும் ‘மண்டைதீவு’ என்ற சொல் எங்கள் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ, புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால், ஒன்பது. இத்தகைய ஏழு சொற்களை இடைவெளியுடன் எழுதினால் 69 இடம் முடிந்துவிடும். ஆகவே தமிழில் அறிவிப்பு அனுப்பச் செலவு கூடுகிறது; ஆங்கிலமே போதும் என்று நினைக்கத் தோன்றுகிறது. சுருக்கமான, பிழையற்ற, எந்த ஐயத்துக்கும் இடமில்லாத தமிழில் “உங்கள் பணம் கிடைத்தது; மறுபடி செலுத்த வேண்டாம்” என்று எழுதத் தெரிந்தவர் அந்த அறையில் இருக்க வேண்டும். இந்தப் பாடசாலையில் தமிழ் படித்த பிள்ளை ஏன் அங்கே இருக்கக்கூடாது?

இனி, இதனால் யாருக்கு என்ன பயன்? எங்கள் கடலைப் போன்ற இன்னொரு கரையைப் பார்ப்போம். கேரளத்தின் வடகரையில் 1997 சனவரி 14 ஆம் திகதி காலை பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் தாம் பிடித்த சாளை மீனைக் கொட்டினார்கள். அதே காலையில் 15 கிலோமீற்றருக்குள் இருந்த சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். அக்கரையோரத்துக்குக் கைத்தொலைபேசி வந்தபின் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தெரிவு செய்தார்கள். பொருளியலாளர் ரொபேர்ட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. இருபக்கமும் நன்மை பெற்றன. அதற்கு உதவியது வெறும் குரல் அழைப்புத்தான்.

அதே 2007 இல் கென்யாவில் ‘எம்-பெசா’ தொடங்கியது. வங்கிக் கணக்கு இல்லாதவர்களும் சாதாரணத் தொலைபேசியில் பணம் அனுப்பினார்கள். இலங்கையில் 2012 இல் டயலொக்கின் ‘ஈசி காஷ்’ வந்தது. அடுத்து மொபிடெலின் ‘எம்காஷ்’. 2018 இல் மத்திய வங்கி கியூ.ஆர். குறியீட்டுக்குத் தேசியத் தரத்தை வகுத்தது. எந்த வங்கியின் செயலி வைத்திருந்தாலும் ஒரே குறியீட்டைப் பார்த்துப் பணம் செலுத்தலாம் என்பதே அதன் நோக்கம். கருவாடு, ஒடியல், பனையோலைப் பெட்டி விற்கும் ஒரு பெண்ணுக்கு இதனால் அட்டை இயந்திரம் தேவையில்லை. ஒரு தாளில் அச்சிட்ட குறியீடே போதும்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. பரிசு விழுந்திருக்கிறது என்று அழைத்து இரகசிய இலக்கத்தைக் கேட்பவர்கள் உண்டு. வீட்டிலேயே அம்மாவின் தொலைபேசியும் இலக்கமும் மருமகன் கையில் இருந்தால், கணக்கு அவர் பெயரில் இருந்தும் காசு அவருடையதல்ல. 1990 இல் தீவை விட்டு இடம்பெயர்ந்து, ஆண்துணையை இழந்து, தனியே குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுக்காமல் தாமே பார்த்து விளங்கக்கூடிய செயலிதான் பாதுகாப்பான செயலி. அதை வடிவமைக்க அவர்களின் வாழ்வு தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இப்படிப்பைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற் காரணம் இதுதான்; சம்பளம் இரண்டாவது காரணம்.

வழிகள் என்ன? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவும் உண்டு. வெட்டுப்புள்ளி சில புள்ளிகளால் தவறியவர்கள் மனம் உடைய வேண்டாம்: கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டு தொடக்கம் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. படிப்படியாக டிப்ளோமா, உயர் டிப்ளோமா, பட்டம் என்று முன்னேறலாம்; வீட்டிலிருந்தே படிக்கலாம்.

தடைகளும் தெரிந்தவையே. பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் மொழிமூலம் படித்த கெட்டிக்காரப் பிள்ளை முதலாம் ஆண்டில் பாடத்தோடும் மொழியோடும் ஒருசேர மல்லுக்கட்டுகிறாள். மடிக்கணினி எல்லா வீட்டிலும் இல்லை. பட்டணத்தில் மாலை வகுப்பு முடிந்து தீவுக்குத் திரும்பும் பிள்ளைக்குக் கடைசி பஸ் காத்திராது.

ஆகவே உலகெங்கும் இருக்கும் சகோதரிகளிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, கட்டடத்துக்கு உதவுவதுபோல் ஒரு பிள்ளையின் ஆங்கிலத்துக்கும் உதவுங்கள். மாதம் இரண்டு மணிநேரம் காணொளியில் பேசினால் போதும். இரண்டு, மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் செய்திட்டத்தை வாசித்து, முகத்துக்காகப் பாராட்டாமல், குறைகளைச் சொல்லுங்கள். மூன்று, எங்கள் பிள்ளைகள் செய்த கடைச் செயலியில் ஒரு பொருள் வாங்கிப் பாருங்கள். பிழை வந்தால் எழுதி அனுப்புங்கள். நன்கொடையைவிட அவர்களுக்கு வாடிக்கையாளர்தான் தேவை.

பெற்றோரின் கேள்விக்கு என் பதில்: உதைப் படிச்சால், பெரியம்மாவை மூன்று தரம் பஸ் ஏற விடாத ஒரு செயலியைச் செய்யலாம். அதைச் செய்யத் தெரிந்தவளுக்கு யாழ்ப்பாணத்திலும் வேலை இருக்கும், ரொறன்ரோவிலும் வேலை இருக்கும். விரும்பினால் மண்டைதீவிலிருந்தும் செய்யலாம்.