உயர்தர வகுப்பின் பின் என்ன?
(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நான் கற்று முடித்தவன் அல்லன். இன்னும் பல்கலைக்கழகத்திற் கற்றுக் கொண்டிருப்பவன். ஆகவே உபதேசம் செய்ய முற்படவில்லை. "உயர்தர வகுப்பின் பின் என்ன?" என்ற கேள்வியை நம்மவர் காலந் தாழ்த்தியே கேட்கின்றனர் என்பதை மாத்திரம் சொல்ல விழைகின்றேன்.

பெறுபேறு வந்த பின்பே வீட்டார் கூடி யோசிக்கின்றனர். ஆனால் சாதாரண தரம் முடிந்து பாடத் துறையைத் தெரிந்தெடுத்த அன்றே பாதி வழி தீர்மானமாகி விட்டது. உயிரியலா, கணிதமா, வர்த்தகமா, கலையா, 2013ஆம் ஆண்டு தொடங்கிய தொழினுட்பமா என்று தெரியும்போதே பிள்ளையையும் அருகில் இருத்திப் பேசுதல் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த துறை என்பது ஒரு காரணமாகாது.

பல்கலைக்கழகப் பிரவேசத்தின் கணக்கையும் பெற்றோர் அறிதல் நன்று. மூன்று பாடங்களிற் சித்தியடைந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. இசட் புள்ளி சிறிது குறைந்தாலும் இடம் கிடையாது. அதனாற் பிள்ளை மூளையற்றவன் என்றாகாது. இடங்கள் குறைவு என்பதே பொருள்.

மூன்று முறை தோற்றலாம் என்பது விதி. மூன்று முறையும் தோற்றியே ஆகவேண்டும் என்பது விதியன்று! வைத்தியப் படிப்பு ஒன்றையே நம்பி மூன்றாம் முறையும் தோற்றுபவனுக்கு வயது இருபதை எட்டிவிடும். அதுவரை ரியூசனுக்காகத் தாயின் நகை ஈட்டுக்குப் போகிறது. தங்கையின் படிப்புப் பின்தள்ளப்படுகிறது. பெண்பிள்ளையின் படிப்புச் செலவைச் சீதனக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தை இம் மன்றத்தவராவது கைவிடுவார்களாக.

வேறு வழிகள் உண்டு; அவை தாழ்ந்தவையும் அல்ல. தொழில் செய்துகொண்டே படிக்க 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உயர் தொழினுட்பவியல் நிறுவனங்கள் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உண்டு. தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளைக் கொண்டது. ஏழாம் படி பட்டத்திற்குச் சமம். மின்னிணைப்பு வேலை பழகத் தொடங்கும் இளைஞனும் படிப்படியாகப் பட்டம் வரை ஏறலாம்.

வெளிநாட்டு மாமா அழைப்பார் என்று காத்திருப்பது திட்டமன்று. காணியை ஈடுவைத்து முகவரிடம் பணங் கொடுக்குமுன், அந்தப் பட்டம் இங்கு ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள்.

வீட்டில் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். பிள்ளைக்கு எதில் விருப்பமும் திறமையும் உண்டு? வீடு எவ்வளவு செலவைத் தாங்கும்? முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழி யாது?

நிறைவாக மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். நம் அங்கத்தவருள் தாதியரும், கணக்காளரும், மின் தொழிலாளரும், மாணவரும் பெற்றோருடன் அமர்ந்து பேசட்டும். செலவு தேநீர் மட்டுமே; பயனோ ஒரு பிள்ளையின் சில ஆண்டுகள்.